ரப்பர் மண்ணில் ஸ்டிக்கர் பசை

பழைய காரின் டேஷ்போர்டிலும் முன்கண்ணாடியின் உட்புறத்திலும், ஸ்டிக்கர் போன பின்பும் போகாமல் கிடக்கும் பிசுபிசுப்பு இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, இழுத்தால் நீளும் ரப்பர். மற்றது, அந்த ரப்பருக்குப் பிடிப்பைக் கொடுக்கும் பிசின். இன்றைய ஸ்டிக்கர்கள் பலவற்றில் இயற்கை ரப்பரின் இடத்தைச் செயற்கைப் பொருள்கள் பிடித்துவிட்டன. ஆனால் ஒட்டுநாடா என்ற பொருள் பிறந்ததும் வளர்ந்ததும் இயற்கை ரப்பரை வைத்துத்தான். அந்த ரப்பர் மரம் மலாய்த் தீபகற்பத்தில் முதலில் வேர்விட்ட இடம் மலேசியாவின் பேராக் மாநிலம். ஒட்டும் பாலை அடக்குவதும் ஒட்டியதை விடுவிப்பதும், ஈப்போ வீதிகளில் கார் ஓடத் தொடங்குமுன்பே இந்த மாநிலத்துக்குப் பழகிய வேலைகள்.

ரப்பர் மரம் வருவதற்கு முன்னும் இங்கே பசைக்குப் பஞ்சமில்லை. மலாய்க்காரர்களும் காட்டில் வாழும் பூர்வகுடி மக்களும் டாமார் பிசினைப் பந்தத்துக்கும் படகின் இடுக்கை அடைக்கவும் பயன்படுத்தினர். தாபான் மரத்தின் பாலை வெந்நீரில் இளக்கிக் கத்திப்பிடி செய்தனர். குட்டா பெர்ச்சா என்ற பெயரில் அந்தப் பால் 1840களில் லண்டனை எட்டியது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு உறையானது அதுதான். தேவை பெருகியதும் மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தார்கள். காட்டுப் பசை வணிகம் தன் மரத்தைத் தானே அழித்துக்கொண்டது.

தமிழர்கள் கடல் கடந்து வந்தபோது ஒட்டுப்பசை பற்றிய அறிவு ஒன்றைச் சமையலறையிலிருந்தே கொண்டுவந்தனர். பலாப்பழம் வெட்டுமுன் கையிலும் அரிவாள்மணையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது எல்லா வீட்டிலும் தெரிந்த வழக்கம். பலாப்பால் தண்ணீரில் கரையாது. தேய்க்கத் தேய்க்கக் கறுத்து இறுகும். எண்ணெய் பட்டால் இளகும். பின்னாளில் ரப்பர்ப் பாலுக்கும், அதற்கும் பின்னாளில் ஸ்டிக்கர் பசைக்கும் பொருந்திய விதி இதுவே. ரப்பரும் பிசினும் எண்ணெய்ச் சார்புள்ளவை. எண்ணெய் அவற்றின் இழைகளுக்கு இடையே புகுந்து ஊறவைக்கும், தண்ணீர் புகாது.

ஹென்றி விக்ஹாம் 1876இல் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவற்றில் பெரும்பங்கு இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தை வந்தடைந்தன. அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாருக்கு வந்தன. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நடச் செய்தார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. மரம் வந்துவிட்டதே தவிர, தோட்டக்காரர்கள் இருபது ஆண்டுகள் வரை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி விலை நன்றாக இருந்தது. ரப்பர் விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக வற்புறுத்தித் திரிந்த சிங்கப்பூர் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லிக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பெயர்தான் மிஞ்சியது. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவரே. காப்பி விலை விழுந்து, மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டபோது நிலைமை தலைகீழானது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டமாயிற்று. கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறினர்.

ஐரோப்பாவில் ரப்பரின் கதை வேறு முனையிலிருந்து தொடங்கியது. தென்னமெரிக்காவிலிருந்து உலர்ந்த கட்டியாக வந்து சேர்ந்த பொருளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கரைக்கும் திரவம் கிடைத்தால்தான் வேண்டிய வடிவில் பூச முடியும். பிரெஞ்சுக்காரர்கள் 1760களில் டர்பென்டைன் எண்ணெயும் ஈதரும் ரப்பரை இளக்குவதைக் கண்டனர். ஸ்காட்லாந்தின் சார்லஸ் மாக்கின்டாஷ், எரிவாயு ஆலைகளில் கழிவாகக் கிடைத்த நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார். காப்புரிமை 1823ஆம் ஆண்டுக்குரியது. கார்ப் பட்டறைகளில் இன்று பசை நீக்கப் பயன்படும் பெட்ரோலிய ஸ்பிரிட்டுகள் அந்த நாப்தாவின் நெருங்கிய உறவுகள். பசையைக் கரைக்கும் திரவத்தைத் தேடிய வரலாறு, பசையை உண்டாக்கிய வரலாற்றின் முதல் அத்தியாயமாகவே இருந்திருக்கிறது.

மாக்கின்டாஷின் கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இக்குறையைத் தீர்த்தார். அப்படிப் பதப்படுத்திய ரப்பர் உருகாது, ஒட்டாது, எளிதில் கரையவும் கரையாது. டயர் அந்த வகை. பசைக்கு அது உதவாது. கந்தகம் கண்ட ரப்பரில் ஒட்டும் குணம் போய்விடும். ஆகவே ஒட்டுநாடா செய்தவர்கள் பெரும்பாலும் பச்சை ரப்பரையே நாடினர். குட்இயர் டயரிலிருந்து விரட்டிய வெயில் பலவீனம், அதே காரின் உள்ளே ஸ்டிக்கர் வழியாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்தில் ஒட்டலுக்கு எதிரான போராட்டம் விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் மரத்தில் பால் அழுத்தம் அதிகம் என்பதால், பிரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்ததும் தலைவிளக்கோடு மர நிரைக்குள் போக வேண்டும். முந்தின நாள் வெட்டில் ஓடி நின்ற பால் மெல்லிய நாடாவாகக் காய்ந்து பட்டையோடு ஒட்டியிருக்கும். அதுதான் ஒட்டுப்பால். அதை ஒரு நுனியில் நெம்பி, மெதுவாக, அறுந்துவிடாமல் ஒரே இழுப்பில் உரித்துக் கோணிப்பையில் போட்ட பிறகுதான் புதிய வெட்டு. பால் வடியும் கிண்ணமான மங்கில் தங்கி உறைந்த கட்டிப்பாலையும் சுரண்டியெடுக்க வேண்டும். அழுக்கு மங்கில் விழுந்த புதுப்பால் சீக்கிரம் உறைந்துவிடும். பிறகு காண்டாவாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு நடை. வெட்டுக்காரர்களின் உடையில் தெறித்த பால் துவைத்துப் போகாது. கையில் காய்ந்ததை உருட்டி எடுத்துவிடலாம், தலைமுடியில் பட்டதற்கு எண்ணெயோ மண்ணெண்ணெயோதான் வழி. லயத்து வீட்டில் விளக்குக்காக இரண்டாவதும் எப்போதும் இருந்தது.

மரத்திலிருந்து வரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ஸ்டோரில் அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தொட்டியில் ஊற்றி, பார்மிக் அமிலம் விட்டு உறையவைத்தார்கள். உறைந்த பலகைகளை உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்கிப் புகைக்கூண்டில் தொங்கவிட்டார்கள். புகை ஈரத்தை உலர்த்தியதோடு பூஞ்சையையும் தடுத்தது. தகட்டில் வரிவரியாகக் கோடு விழச் செய்ததற்கு ஒரு காரணம், அடுக்கி வைக்கும்போது தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைப்பது. வெளிறிய கிரேப் என்றொரு தனிச்சரக்கும் உண்டு. பால் உறையுமுன் சோடியம் பைசல்பைட்டு சேர்த்து, பழுப்பேறாமல் காத்து, புகை காட்டாமல் காற்றில் உலர்த்தப்பட்ட வெளிர்மஞ்சள் ரப்பர் அது. நிறமும் தூய்மையும் வேண்டிய இடங்களுக்கு, குறிப்பாக மருத்துவப் பிளாஸ்திரிகளுக்கும் ஒட்டுநாடாக்களுக்கும், அது விரும்பி வாங்கப்பட்டது.

அந்நாளைய ரப்பர் வணிகத்தில் தகடு பிசுபிசுப்பது பெரிய குறை. நேர்வெயிலில் காய்ந்த தகடு சில நாளில் மேற்புறம் இளகி விரலோடு ஒட்டும். செம்பு அல்லது மாங்கனீசு கலந்துவிட்டால் கேடு இன்னும் விரைவு. ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறு. வெயிலும் வெப்பமும் காற்றின் ஆக்சிஜனும் அந்தச் சங்கிலியைத் துண்டுதுண்டாக அறுக்கின்றன. சங்கிலி குட்டையாகக் குட்டையாக ரப்பர் உறுதியிழந்து பாகாகிறது. மேலும் நாள்பட்டால் ஆக்சிஜன் ஏறி மொறுமொறுப்பான பழுப்புப் படலமாகிறது. 1925இல் சட்டம் மூலம் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிற வேதியியலாளர்களும் பல ஆண்டுகள் இந்தப் பிசுபிசுப்போடு மல்லுக்கட்டினர். பழைய காரின் கண்ணாடியில் நடப்பது அப்படியே இந்தத் தகட்டுக் குறைதான், அளவு மட்டும் சிறியது.

ஒட்டுநாடாவுக்கும் காருக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. ரப்பர்ப் பசை தடவிய பிளாஸ்திரிக்கு அமெரிக்காவில் 1845இலேயே காப்புரிமை உண்டு. ஜெர்மனியில் பால் பையர்ஸ்டார்ப் 1882இல் மேம்பட்ட மருந்துப் பிளாஸ்திரிக்கு உரிமை பெற்றார். மருத்துவத்திலிருந்து நாடா வெளியே வந்தது கார்ப் பட்டறை வழியாக. 1920களில் இரட்டை வண்ணக் கார்கள் அமெரிக்காவில் நாகரிகமாயின. ஒரு வண்ணத்தை மறைத்து மற்றதை அடிக்கப் பட்டறைக்காரர்கள் ஒட்டிய காகிதத்தை எடுக்கும்போது புதுப்பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. மின்னசோட்டாவின் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ இந்த அவதியைக் கண்டு, பெயிண்டைப் பிடுங்காமல் உரிந்துவரும் நாடாவை 1925இல் உருவாக்கினார். ஒளிபுகும் செல்லோபேன் நாடா 1930இல் வந்தது. 1935இல் ஸ்டான்டன் ஏவரி பின்தாளை உரித்து ஒட்டும் லேபிளைத் தயாரித்தார். இன்றைய ஸ்டிக்கரின் முன்னோடி அதுவே. ஒட்டவும் வேண்டும், சுவடின்றிப் போகவும் வேண்டும் என்பதே ட்ரூ ஏற்றுக்கொண்ட சவால். அந்த இரண்டாம் பாதியை ஸ்டிக்கர் தயாரிப்பாளர்கள் பலர் மறந்துவிட்டனர் என்றே சொல்ல வேண்டும்.

பேராக்கில் முதலில் கார் வைத்திருந்தவர்கள் துரைமார்களும் ஈயச் சுரங்க முதலாளிகளுமே. பத்து காஜா அருகே கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் மாளிகை கட்டத் தொடங்கி முடிக்காமலே 1926இல் இறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் போன்றோரின் காலம் அது. அக்காலக் கார்களின் உட்புறம் மரமும் தோலும் இரும்பும். ஒட்டுவதற்கு அதில் அதிகம் இல்லை. தோட்டத்துத் தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கார் எட்டியது மிகவும் பிற்காலத்தில். 1983இல் புரோட்டான் நிறுவனம் தொடங்கி, 1985 ஜூலையில் சாகா வெளிவந்தது. 1994இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிமில் புரோட்டானின் தொழிற்சாலை அமைந்தபோது, ரப்பர் வளர்த்த மாநிலம் காரையும் செய்தது. இவற்றின் உட்புறம் முழுக்கப் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் வந்ததும் ஒட்டும் பொருள்கள் பெருகின. முன்கண்ணாடியில் ஆண்டுதோறும் மாற்றிவந்த ரோட் டெக்ஸ் என்ற சாலை வரி ஸ்டிக்கர், புதிதாக உரிமம் பெற்றவர் இரண்டு ஆண்டு ஒட்டவேண்டிய ‘பி’ அடையாளம், வெயிலுக்கான கறுப்புப் படலம், நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு வந்த ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டி, கைப்பேசி தாங்கி. தமிழர் காடியில் இவற்றோடு டேஷ்போர்டு நடுவே இரட்டைப்பக்க டேப்பில் அமர்ந்த பிள்ளையாரோ முருகனோ கூட உண்டு. ஈப்போவில் புதுக்கார் வாங்கியவர்கள் பலர் குனோங் சேரோ அடிவாரத்துக் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போடுவார்கள். சந்தனமும் குங்குமமும் ஈரத்துணிக்கு வந்துவிடும். சிலையின் அடியிலிருக்கும் நுரை டேப் வராது.

நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு நண்பகலில் 70 பாகை செல்சியஸை எட்டக்கூடும். அந்தச் சூட்டில் பசை இளகிப் பிளாஸ்டிக்கின் நுண்மேடுபள்ளங்களுக்குள் இறங்குகிறது. மேலிருக்கும் தாளும் படலமும் சுருங்குகின்றன. பசைக்குப் பிளாஸ்டிக் மேலுள்ள பிடிப்பு, தன் தாள்மேலுள்ள பிடிப்பைவிட மிகுந்துவிடுகிறது. அப்போது ஸ்டிக்கரை இழுத்தால் தாள் மட்டும் வருகிறது. எஞ்சிய பசை மேல் தூசி படிந்து கறுத்து ஓரம் கட்டுகிறது. இப்படி எஞ்சுவதெல்லாம் ஒரே வகையும் அல்ல. மலிவான லேபிள்களில் பெரும்பாலும் ரப்பர் வகைப் பசை. அது எண்ணெய்க்கு இளகும். நுரை டேப்பிலும் கண்ணாடிப் படலத்திலும் அக்ரிலிக் வகை மிகுதி. அது வெப்பத்தையும் வெயிலையும் தாங்கும், எண்ணெயைவிட ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கே நன்றாகப் பணியும். ஒரு முறை ஒருவருக்குப் பலித்து இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதன் காரணம் இது.

முதல் தலைமுறைக் கார்க்காரர்களின் கைமருந்து லயத்து மருந்தே: மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் தின்னர். இரும்புக்கும் கண்ணாடிக்கும் அவை சரி. பிளாஸ்டிக் வந்த பிறகு பழைய மருந்து நஞ்சாயிற்று. தின்னரிலும் நகப்பூச்சு நீக்கியிலும் உள்ள அசிட்டோன், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்து வெண்திட்டு விழச்செய்யும். மீட்டர் மூடியின் பாலிகார்பனேட்டை மங்கலாக்கி வெடிப்பு விடச்செய்யும். பெட்ரோலோ, மூடிய காருக்குள் ஆவியாகித் தீப்பற்றும் ஆபத்துடையது. பசை நீக்க அதை எடுப்பது எந்தக் கணக்கிலும் தவறு. 1953இல் அமெரிக்காவில் உருவான டபிள்யூ.டி.-40 போன்ற தெளிப்பான்களும் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இருக்கும் கோடாலித் தைலமும் யூகலிப்டஸ் எண்ணெயும் பின்னர் இந்த இடத்தைப் பிடித்தன. தைலம் பசையை விரைவில் இளக்கும். மணம் மட்டும் நாள்கணக்கில் வண்டியை விட்டுப் போகாது.

எல்லாவற்றிலும் எளிதாகக் கிடைத்தது சமையல் எண்ணெய். அது வந்த வழியும் தோட்ட வழியே. 1950களிலிருந்து துரைமார் தோட்டங்கள் துண்டுபட்டு விற்பனையாயின. தொழிலாளர்கள் வீதிக்கு வருவதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். செயற்கை ரப்பரின் போட்டியால் விலை தளர, அடுத்த பத்தாண்டுகளில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை ஏறியது. தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராட்டா 1906இல் டேனிஷ்காரர்கள் ரப்பருக்காகத் தொடங்கிய தோட்டம். இன்று செம்பனைக்குப் பேர்போனது. அந்தப் பனையின் எண்ணெய்தான் மலேசிய வீடுகளின் வாணலியில் இருப்பது. ஒரு காலத்தில் பசைக்கு ரப்பர் கொடுத்த நிலம், இப்போது பசையை இளக்கும் எண்ணெயைக் கொடுக்கிறது. லயத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்களுக்குப் பழைய வேலை போயிற்று. ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்த கைப்பக்குவத்துக்கும் கார்க் கண்ணாடியில் மட்டுமே வேலை மிஞ்சியது.

அந்தக் கைப்பக்குவத்தின் விதிகள் இன்றும் செல்லும். முதலில் சூடு: முடி உலர்த்தும் கருவியைச் சிறு சூட்டில் காட்டினாலோ வெந்நீரில் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்தாலோ பசை தளரும். பிறகு ஒரு முனையைத் தூக்கி, செங்குத்தாக இழுக்காமல், மேற்பரப்போடு ஒட்டினாற்போலத் தாழ்வாக மெல்ல இழுக்க வேண்டும். எஞ்சியதைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டலாம். பிளேடு முன்கண்ணாடிக்கு மட்டுமே, வெப்பக்கம்பி ஓடும் பின்கண்ணாடிக்கு அதுவும் ஆகாது. மீந்த படலத்தின்மேல் எண்ணெய் தடவிக் கால்மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். பலர் தோற்பது இங்கேதான். தடவிய உடனே தேய்க்கிறார்கள், பசை இடம் மாறுகிறதே தவிரப் போவதில்லை. ஊறியபின் துணியால் உருட்டியெடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரால் எண்ணெயைத் துடைக்க வேண்டும். விட்டுவைத்த எண்ணெய் தூசியை ஈர்க்கும். எண்ணெய்க்கு மசியாததற்கு ஆல்கஹால், அதையும் கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்து. துணி இருக்கையில் எண்ணெய் விட்டால் கறை நிலைத்துவிடும். அங்கே பனிக்கட்டி வைத்துப் பசையை விறைக்கச் செய்து உதிர்ப்பதே மேல்.

பசையே ஒட்டாத இடத்திலும் பிசுபிசுப்பு வருவதுண்டு. 1990களிலிருந்து சில கார்களின் கதவுப்பிடியிலும் பொத்தான்களிலும் பூசப்பட்ட மென்மையான பாலியூரிதேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த காலநிலையில் நீரேறிச் சிதைந்து ஒட்டத் தொடங்குகிறது. இது பசையின் மிச்சமன்று. எண்ணெய் இதற்குப் பயன்படாது. ஆல்கஹாலால் பூச்சையே முழுக்கத் துடைத்தெடுத்து அடிப்பிளாஸ்டிக்கை வெளிக்கொணர்வதுதான் வழி.

முன்கண்ணாடிப் பசைக்கு மலேசியாவில் ஆண்டுதோறும் காரணமாக இருந்த ரோட் டெக்ஸ் ஸ்டிக்கருக்கு 2023 பிப்ரவரி 10 அன்று விலக்கு அறிவிக்கப்பட்டது. தனியார் வாகனம் வைத்திருக்கும் மலேசியக் குடிமக்கள் அதை ஒட்டத் தேவையில்லை, கைப்பேசிச் செயலியில் காட்டினால் போதும் என்றார் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக். கம்பெனிப் பெயரில் பதிந்த வாகனங்களுக்கும் வெளிநாட்டவரின் வாகனங்களுக்கும் அந்த முதல் விலக்கு பொருந்தவில்லை. விலக்குப் பெற்ற கார்களிலும், பழைய ஸ்டிக்கரை உரிக்காமல் வெயிலில் விட்டால் அதன் பசை ஆண்டுக்கு ஆண்டு இறுகும். ஒட்டி ஓராண்டுக்குள் எடுப்பதே எளிது.